கோபன்ஹேகனுக்கு எத்தனை வண்டி மாற வேண்டும்?

சங்கத்தின் மாதக் கூட்டத்திற்கு நான் வரும்போதெல்லாம் அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மகள் வீட்டுக்கு டென்மார்க் போய் வந்தீர்களாமே, எந்த வழி நல்லது, டிக்கெட் என்ன விலை?" விலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இன்று சொன்ன விலை நாளை பொய்யாகிவிடும். ஆனால் எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு, 38 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளத்தோடு தண்டவாளமாகக் கிடந்தவன் என்ற முறையில் சொல்ல எனக்குச் சில உண்டு. இரண்டு முறை போய் வந்ததில் ஒரு தவறும் செய்திருக்கிறேன். அந்தத் தவறை மற்றவர்கள் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊரும் எங்கள் தலைநகரும்

நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள குளத்தூர்தான் நான் பிறந்து வளர்ந்த ஊர். ஓய்வு பெற்றபின் குடியிருப்பதும் அங்கேதான். 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ். சந்தைக்குப் போவது களியக்காவிளைக்கு. ஆனால் ஆஸ்பத்திரி, கச்சேரி, ஆபீஸ் என்றால் திருவனந்தபுரம்.

அந்தத் தலைநகர் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் நான் சிறுவனாக இருந்த காலத்தில் அது ஒரு நாள் வேலை. என் தாயாரை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. உச்சக்கடையில் ஒரு பஸ், நெய்யாற்றின்கரையில் அடுத்த பஸ், தம்பானூரில் இன்னொரு பஸ். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா, அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறினாள். நான் மூட்டையைச் சுமந்தேன். "தூரமில்ல மக்கா, ஏறி எறங்கித்தான் சீவன் போவுது" என்றாள். பிற்காலத்தில் பயணத் திட்டம் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக இந்த விஷயத்தைக் கண்டதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதியில் நின்றுபோன ஒரு வழியும் உண்டு. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், பூவாறு, பொழியூர் வழியாகப் போகிறது. அது கடைசிவரை முடியவில்லை. தோண்டிய பகுதிகளும் பல இடங்களில் தூர்ந்துபோயின. வேலை பாதியில் நின்றால் வழி இருந்தும் இல்லாததுபோல் என்பதை நாங்கள் சிறு வயதிலேயே கண்டவர்கள்.

1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை திறந்தது. அப்போது எனக்கு வயது 19. பாறசாலை ஸ்டேஷனுக்கு அக்காதான் என்னை அழைத்துப் போனாள். அவள் கயிறு திரித்த கூலியில்தான் நாகர்கோவில் கோணம் பாலிடெக்னிக்கில் நான் சிவில் டிப்ளமோ படித்தேன். வண்டியைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "இனி ஒரே ஏத்தம், ஒரே எறக்கம்." மூன்று ஆண்டு கழித்து நான் ரயில்வேயில் சேர்ந்தேன்.

பாய்க்கப்பல் காலத்தில்

தமிழ் மண்ணுக்கும் கோபன்ஹேகனுக்கும் பழக்கம் புதிதல்ல. ஓவே யெட்டே என்பவர் தலைமையில் 1618இல் அங்கிருந்து புறப்பட்ட டேனியக் கப்பல்கள் 1620இல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் கைக்குப் போயிற்று. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது அவர்களிடமே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் கொளச்சலிலும் அவர்களுக்கு ஒரு வணிகச் சாவடி இருந்தது.

சீகன்பால்க் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். ஏழு மாதத்துக்கு மேல். அவர் 1714இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். அவர்கள் அடுத்த ஆண்டுதான் கரை சேர்ந்தார்கள். நாம் விமானத்தில் கால் நீட்ட இடமில்லை என்று குறைபடும்போது மலையப்பனைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரில் மிதக்கும் தலைநகர்

கோபன்ஹேகன் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டென்மார்க் நாட்டில் ஜெர்மனியோடு ஒட்டிய நிலப்பகுதி ஜூட்லாந்து. அதற்குக் கிழக்கே ஃபுனென் தீவு. அதற்கும் கிழக்கே சீலாந்து தீவு. தலைநகர் இருப்பது சீலாந்தின் கீழ்க்கரையில், அமாகர் என்ற சிறு தீவையும் சேர்த்துக்கொண்டு. அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஸ்வீடன். ஆகவே எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தண்ணீரைக் கடக்காமல் வழியில்லை.

நம்மிடத்திலும் இப்படி ஒரு தலைநகர்ப் பயணம் இருந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போவார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. பாம்பனில் செங்குத்தாக உயரும் நடுப்பகுதியோடு புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது. ஆனால் இராமேசுவரத்துக்கு அப்பால் வழி இன்னும் திறக்கவில்லை.

டேனியர்கள் வேறொரு யோசனை செய்தார்கள். பயணியை ரயிலிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றுவதற்குப் பதில், ரயில் பெட்டியையே கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் தளத்திலேயே தண்டவாளம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலைக்கேற்ப ஏறி இறங்கும் பாலம். 1872இல் ஜூட்லாந்துக்கும் ஃபுனெனுக்கும் இடையே இது தொடங்கியது. 1883இல் ஃபுனெனுக்கும் சீலாந்துக்கும் இடையே உள்ள பெரிய நீரிணையிலும் வந்துவிட்டது. 1935இல் சிறிய நீரிணைக்குப் பாலம் கட்டி முதல் கப்பலை நிறுத்தினார்கள். பெரிய நீரிணையில் கப்பல் நிற்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிராண்டே கோயிலில் கேட்டது

டென்மார்க்கில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் 1980களில் அகதிகளாகப் போன இலங்கைத் தமிழர்கள். அவர்களில் பலர் குடியமர்ந்தது தலைநகரில் அல்ல, ஜூட்லாந்துச் சிற்றூர்களில். பிராண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள். 2024இல் மகளோடு அங்கே போயிருந்தபோது பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நான் ரயில்வேக்காரன் என்று சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"அப்ப கோபன்ஹேகன் போறதெண்டா லேசில்லை தம்பி. நியூபோர்க்கிலை ரயிலைக் கொண்டுபோய்க் கப்பலுக்கை விடுவான். ஒரு மணித்தியாலம் கடல். அங்காலை கோர்சோரிலை திரும்ப இழுத்து எடுப்பான். அகதி விசாரணைக்குப் போகேக்கை கப்பல் பிந்தினால் எங்கட சீவியமே பிந்திப்போம் எண்டு பயந்துகொண்டு இருப்பம்."

இன்று அந்த இடத்தை ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. நீரிணையின் அகலம் சுமார் 18 கிலோமீட்டர். நடுவில் ஸ்ப்ரோகோ என்ற சின்னத் தீவு. மேற்குப் பாதியில் 6.6 கிலோமீட்டர் பாலத்தில் ரயிலும் சாலையும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. கிழக்குப் பாதியில் பெரிய கப்பல்கள் போகும் வழி இருப்பதால் ரயிலைக் கடலுக்கு அடியில் 8 கிலோமீட்டர் சுரங்கத்தில் இறக்கிவிட்டு, சாலையை 1,624 மீட்டர் நடுவீச்சுள்ள தொங்கு பாலத்தில் தூக்கிவிட்டார்கள். அந்தப் பாலத்தின் தூண்கள் 254 மீட்டர் உயரம். இவ்வளவு பெரிய கனத்த ரயில் ஏன் பாலத்தில் போகவில்லை என்று என் மருமகன் கேட்டார். தொங்கு பாலம் வளையும். ரயில் பாதை அதிகம் வளையக் கூடாது. சாலை செங்குத்தாக ஏறலாம், ரயில் ஏறாது. கப்பல் போகும் உயரத்துக்கு ரயிலை ஏற்ற நீண்ட சரிவு வேண்டும். இதுதான் விஷயம்.

வேலை எளிதில் முடிந்ததா என்றால் இல்லை. 1991 அக்டோபரில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்தில் கடல் புகுந்தது. 1994இல் தோண்டும் இயந்திரம் ஒன்று தீப்பிடித்தது. ஆனால் பாதியில் விடவில்லை. 1997 ஜூனில் பயணி ரயிலும், 1998 ஜூனில் சாலையும் திறந்தன. ரயிலுக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆபத்தே இல்லாத வழி உலகில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று பலமானால் சாலைப் பாலத்தை மூடிவிடுவார்கள். 2019 ஜனவரி 2 அன்று புயற்காற்றில் எதிர் லைனில் வந்த சரக்கு வண்டியிலிருந்து ஒரு வெற்று டிரெய்லர் கழன்று பயணி ரயிலில் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். வாகனின் பூட்டில் டிரெய்லர் சரியாக நிற்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு பூட்டைச் சோதிப்பது சிறு வேலை. எங்கள் கேங்மேன்கள் ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பார்த்து நடப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

ஸ்வீடன் பக்கம் 2000 ஜூலை 1 அன்று ஓரேசுந்து பாலம் திறந்தது. மால்மோ நகரிலிருந்து கோபன்ஹேகனுக்கு இப்போது சுமார் 40 நிமிடம். கடலில் 7.8 கிலோமீட்டர் பாலம், பிறகு மனிதர் உண்டாக்கிய ஒரு தீவு, பிறகு சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம். பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் அந்த இடத்தில் உயரமான தூண்கள் நிறுத்த முடியாது, ஆகவே சுரங்கம். டென்மார்க் ரயிலுக்கு நம்மைப் போலவே 25 கிலோவோல்ட் மின்சாரம். ஸ்வீடனுக்கு 15 கிலோவோல்ட். ஸ்வீடனில் ரயில் நம்மைப் போல் இடப்பக்கம்; டென்மார்க்கில் வலப்பக்கம். இத்தனை வேறுபாடும் இரண்டு மின்சாரத்தையும் ஏற்கும் வண்டிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. பயணி இறங்க வேண்டியதில்லை. மின்சாரம் மாறியதுகூட அவருக்குத் தெரியாது.

என் ஆசையும் மனைவியின் முழங்காலும்

2018இல் மகளின் பிரசவத்துக்கு முதன்முறை போனோம். அப்போது ஹாம்பர்க் நகருக்கும் கோபன்ஹேகனுக்கும் நடுவே ரயில் கப்பலில் ஏறும் வழி ஒன்று மிச்சம் இருந்தது. 1963இல் திறந்த புட்கார்டன் - ரோட்பி வழி அது. ரயில்வேக்காரனுக்கு ஆசை விடுமா? "ஹாம்பர்க்கில் இறங்கினால் டிக்கெட் மலிவு" என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் அந்தக் கப்பல்தான்.

ரயில் மெதுவாகக் கப்பலுக்குள் நுழைந்ததைப் பார்த்து நான் சிறுபிள்ளைபோல் நின்றேன். ஆனால் கப்பல் ஓடும்போது பயணிகள் பெட்டியில் இருக்கக் கூடாது. எல்லோரும் இறங்கி மேல் தளத்துக்கு ஏற வேண்டும். முக்கால் மணி கழித்து மறுபடி கீழே வர வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கியவள், "ஏங்க, இந்தக் கப்பலைப் பாக்கத்தான என்னைய இப்பிடிச் சுத்திக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த ரயில் கப்பல் 2019 டிசம்பரில் நின்றுவிட்டது. கார்களுக்கான கப்பல் மட்டும் ஓடுகிறது. ஹாம்பர்க் ரயில்கள் இப்போது ஜூட்லாந்து வழியாகச் சுற்றி, பெரிய நீரிணையைக் கடந்து வருகின்றன. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கப்பல் ஓடிய அந்தக் கடலுக்கு அடியில் 18 கிலோமீட்டர் சுரங்கம் செய்கிறார்கள். இது தோண்டும் சுரங்கம் அல்ல. கரையில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து, மிதக்கவிட்டு இழுத்துப்போய், கடலடியில் வெட்டிய பள்ளத்தில் இறக்கி ஒட்ட வேண்டும். மொத்தம் 89 துண்டுகள். பெரிய துண்டு ஒவ்வொன்றும் 217 மீட்டர் நீளம், 73,000 டன் எடை. 2029இல் முடிப்பதாக இருந்தது, அது தள்ளிப்போகிறது. முடிந்தால் ஹாம்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரம்தான்.

இன்றைய வழிகள்

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழி ஒரே மாற்றம். 2024இல் நாங்கள் துபாய் வழி போனோம். முதல் விமானம் சுமார் நான்கு மணி, அடுத்தது சுமார் ஏழு மணி.

கோபன்ஹேகன் விமான நிலையம் அமாகர் தீவிலேயே, நகரை ஒட்டி இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிலையம். மூன்றாம் முனையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். அதே முனையத்தின் கோடியில் 2007 முதல் மெட்ரோ. டிரைவர் இல்லாத அந்த மெட்ரோ இரவும் பகலும் ஓடுகிறது. நகர மையத்துக்குக் கால் மணி. ரயில், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். வாசலுக்கு வெளியே டாக்சிக்காரரோடு பேரம் பேச வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் வேறு ஊரில் இறங்கி ரயிலில் போவதும் உண்டு. இளைஞர்களுக்கு நல்ல வழி. ஆஸ்லோவிலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க்கிலிருந்து ஹெல்சிங்ஊர் வரும் கப்பல் இருபது நிமிடம்தான். இவையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தபின் ஊர் பார்க்க உதவும். பெட்டியோடும் மருந்துப் பையோடும் முதன்முறை போகும் பெற்றோருக்கு அல்ல.

நான் செய்த தவறு

2025 ஜனவரியில் நாங்கள் மகள் வீட்டில் இருந்தபோது, விடியற்காலையில் குளத்தூரிலிருந்து போன் வந்தது. அக்கா போய்விட்டாள். மறுநாள் மாலை நான்கு மணிவரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

மகள் இரண்டு வழி காட்டினாள். ஒன்று, ஒரே டிக்கெட், ஒரே மாற்றம். மறுநாள் நண்பகலில் திருவனந்தபுரம். மற்றது, தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட், இரண்டு மாற்றம்; காலை ஏழு மணிக்கே திருவனந்தபுரம். "அப்பா, ஒரே டிக்கெட்டில் போங்கள்" என்றாள். ஐந்து மணி நேரம் முன்னால் போகலாமே என்று நான் இரண்டாவதை எடுத்தேன். மனைவியை மகளிடம் விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டேன்.

கோபன்ஹேகனில் அன்று பனி. இறக்கையில் படிந்த பனியை நீக்கி விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் தாமதம். அடுத்த ஊரில் நான் இறங்கியபோது என் இரண்டாவது டிக்கெட்டின் விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால், வராத பயணி என்று எழுதிவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, விதி அதுதான். புது டிக்கெட் வாங்கி வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. நாலு மணிக்கே எடுத்துவிட்டார்கள். நண்பகலில் இறங்க வேண்டிய அந்த மற்ற விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது என்று பிறகு தெரிந்தது.

38 ஆண்டுகள் கால அட்டவணையோடு வாழ்ந்தவன் நான். ஒவ்வொரு மாற்றமும் வழி தவறக்கூடிய ஓர் இடம் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அதை எனக்கு முதலில் சொல்லித் தந்தவளைக் கடைசியாகப் பார்க்கப் போகும்போது மறந்துவிட்டேன்.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

பயணத்தை மணிக்கணக்கில் அளக்காதீர்கள். எத்தனை மாற்றம் என்று எண்ணுங்கள். ஒரு மாற்றத்தைக் குறைக்க நாலைந்து மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை.

வீட்டு வாசல் முதல் மகன் அல்லது மகள் வீட்டு வாசல் வரை ஒரே டிக்கெட்டாக எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவும் ஒன்றாகவே வாங்குங்கள். ஒரே டிக்கெட்டில் ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் பயணம் மூன்று மணிக்குமேல் தாமதமாகி, அது விமான நிறுவனத்தின் காரணத்தால் என்றால் நஷ்ட ஈடு கேட்கவும் சட்டம் உண்டு. தனித்தனி டிக்கெட்டுக்கு நடுவில் விட்டுப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூட்டு வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலி கேட்க வெட்கப்பட வேண்டாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் அது இலவசம். 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். என் மனைவி முதல் பயணத்தில் வேண்டாம் என்றாள். இரண்டாவதில் கேட்டு வாங்கினாள்.

விருந்தினர் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரசவத்துக்குப் போகிறவர்கள் நாளை எண்ணிப் புறப்படுங்கள். முன்கூட்டியே போய்விட்டு, குழந்தை பிறந்த மறுவாரம் திரும்ப நேர்ந்தவர்களை அங்கே சந்தித்தேன்.

அவசரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தால் எந்த வழி என்பதைப் போகும் முன்பே பேசி எழுதி வையுங்கள். அழுதுகொண்டு எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை.

நம் சங்க அன்பர்கள் யாருக்காவது இப்படிப் பயணம் இருந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் வழியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். மாற்றங்களை எண்ணிப் பார்த்து, எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை வேறில்லை.